நடுவே ஒரு பொதுத் தட்டு: குவாங்சௌ முதல் பெய்ஜிங் வரை

சீனத்தில் ஒரு குடும்பமோ நண்பர் கூட்டமோ சாப்பிட உட்காரும்போது கறிவகைகள் எல்லாம் மேசையின் நடுவில் இருக்கும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிறு கிண்ணம், ஒரு சிறு தட்டு, இரண்டு குச்சிகள், ஒரு தேநீர்க் கோப்பை. நடுவிலிருந்து ஒரு வாய்க்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கிண்ணத்துச் சோற்றின்மேல் வைத்துச் சாப்பிடுவார்கள். பிறகு மறுபடி கை நீளும். தன் இலை, தன் பங்கு என்று பந்தியில் உட்கார்ந்து பழகியவருக்கு இது புதிது. பந்தியில் பரிமாறுகிறவர் எல்லாருக்கும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு போவார். இங்கே அப்படி ஒருவர் இல்லை. முதலில் யார் எடுப்பது, மீனின் கன்னச் சதை யாருக்கு, கடைசித் துண்டை யார் கிண்ணத்தில் வைப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு வேளையும் மேசையிலேயே முடிவாக வேண்டும். வயது, உறவு, நன்றி, பாசம் யாவும் அந்தச் சின்னச் சின்ன முடிவுகளில் தெரிந்துவிடுகின்றன. அன்பை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் தகப்பன், நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து மகள் கிண்ணத்தில் வைப்பார். அவளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள்.

சீனம் போய் வந்தவரிடம் தேளையும் பாம்பையும் பற்றிக் கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குச்சியில் குத்திய தேள் பெரும்பாலும் சுற்றுலாத் தெருக்களின் வேடிக்கைச் சரக்கு. அன்றாட மேசையில் இருப்பவை சோறு, கீரை, டோஃபு, முட்டை, மீன், பன்றி இறைச்சி. அந்த மேசையைத் தெற்கே குவாங்சௌவில் தொடங்கி, கடற்கரையோரமாகச் சாவ்சௌவிலும் சுவான்சௌவிலும் பார்த்துவிட்டு, மேற்கே செங்டு, மலை தாண்டிச் சீஆன், முடிவில் பெய்ஜிங் என்று போனால், நெல் விளையும் நாடு கோதுமை நாடாக மாறுவதையும் வழியிலேயே காணலாம்.

குவாங்சௌ

முத்தாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் அமைந்த ஊர் குவாங்சௌ. 1015-இல் சோங் பேரரசின் அவைக்குச் சென்ற சோழர் தூதுக்குழு கரையிறங்கியது இங்கேதான். புழுக்கமான காற்று, ஆலமர நிழல், நடைபாதையில் பழக்கடை என்று சென்னைக்காரருக்கு இந்த ஊரின் வெயில் பழகிய வெயிலாகவே இருக்கும். இங்குள்ள சமூக வாழ்க்கையைப் பார்க்க விடிகாலையில் எழ வேண்டும். தேநீர் மாளிகைகளில் அப்போதே இடம் பிடிக்கக் கூட்டம் நிற்கும்.

காலைத் தேநீர் என்று இவர்கள் சொல்வது தேநீர் மட்டுமன்று. குவளைத் தேநீரும் இரண்டு சிறு பலகாரமும் என்பது பழைய கணக்கு. இப்போது ஒரு குடும்பம் உட்கார்ந்தால் மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக வரும். உள்ளே இருக்கும் இறால் பூரணம் வெளியே தெரியும்படி மெல்லிய மேல்மாவில் மடித்த ஹா காவ், பன்றி இறைச்சியும் இறாலும் திணித்து வாய் திறந்தே இருக்கும் சியூ மாய், அரிசி மாவுக் கரைசலை ஆவித்தட்டில் பரப்பி வெந்ததும் உருட்டி எடுக்கும் சியோங் ஃபன், முள்ளங்கித் துருவலை அரிசி மாவோடு சேர்த்து அவித்துத் துண்டு போட்டு வாட்டியது, கறுப்புச் சோயாவில் ஊறிய கோழிக்கால். அரிசி மாவையும் ஆவியையும் கொண்டு இத்தனை வகை செய்யும் இந்தச் சமையல், இடியாப்பமும் கொழுக்கட்டையும் தின்று வளர்ந்த நாக்குக்கு உடனே பிடிபடும்.

தாவோதாவோஜூ போன்ற மாளிகைகள் 1880 முதல் இந்த ஊரில் இருக்கின்றன. வார நாட்களில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். தினமும் அதே மேசை, அதே நண்பர்கள், கையில் செய்தித்தாள். பணியாளுக்கு அவர்கள் குடிக்கும் இலை எது என்று தெரியும். சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மேசையின் அளவு பெரிதாகும்: தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரக் குழந்தை என்று மூன்று தலைமுறை வந்து உட்காரும். நகரத்தின் வெவ்வேறு மூலைகளில் வாழும் குடும்பம் வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாகக் கூடுவது இந்தத் தேநீர் மேசையில்தான்.

உட்கார்ந்ததும் கொதிக்கும் தேநீரை ஊற்றித் தங்கள் கிண்ணத்தையும் குச்சிகளையும் அவர்களே அலசிக்கொள்வார்கள். ஒருவர் தம் கோப்பையை நிரப்புமுன் மற்ற எல்லார் கோப்பையையும் நிரப்ப வேண்டும். இளையவர் எழுந்து ஊற்றுவார். ஊற்றப்படுகிறவர் இரு விரல்களை மடக்கி மேசைமேல் மெல்லத் தட்டுவார். பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்லும் முறை அது. மாறுவேடத்தில் சென்ற சியென்லோங் பேரரசர் தம் பணியாளுக்குத் தேநீர் ஊற்றியபோது, எழுந்து வணங்க முடியாத அந்தப் பணியாள் விரல்களையே மண்டியிட வைத்தார் என்று இதற்கு ஒரு கதை வழங்குகிறது. வெந்நீர் தீர்ந்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் பணியாள் வந்து நிரப்புவார்.

குவாங்டோங் மாகாணத்து மக்கள் உணவைப் பார்க்கும் பார்வை தமிழர் பார்வைக்கு மிக அருகில் இருக்கிறது. பொரித்தது சூடு, லிச்சிப் பழம் சூடு, பாகற்காய் குளிர்ச்சி, வெண்பூசணி குளிர்ச்சி என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. உடம்பில் சூடு ஏறிவிட்டதென்றால் தெருமுனை மூலிகைக் கடையில் நின்று ஒரு கோப்பைக் கஷாயம் குடிப்பார்கள். கசப்பு தாங்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளும் முகத்தைச் சுளித்தபடி ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போவதைக் காணலாம். வீட்டில் எலும்பு, தாமரைக்கிழங்கு, பேரீச்சை போன்ற சிவப்புப் பழம், காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைச் சிறு தீயில் சில மணி நேரம் காய்ச்சும் சூப், சாப்பாட்டுக்கு முன் வரும். எந்தப் பருவத்துக்கு எந்த சூப் என்பதைத் தாய் மகளுக்குச் சொல்லித் தருவார். வேலைக்காக வெளியூர் போன பிள்ளை ஊர் திரும்பும் நாளில் அடுப்பில் முதலில் ஏறுவதும் இந்தச் சட்டிதான்.

சமையலில் மசாலா குறைவு. மீனை ஆவியில் வைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, காய்ந்த எண்ணெயும் சோயா சாஸும் ஊற்றினால் வேலை முடிந்தது. மீன் சந்தையில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்ததாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். காரமும் புளியும் இல்லாத இந்தச் சுவையைச் சப்பென்று தள்ளிவிடும் இந்தியப் பயணிகள் நிறைய உண்டு. பொறுமையாக உண்பவருக்குப் பொருளின் இயல்பான ருசி என்னவென்பது புரியும்.

சாவ்சௌ

குவாங்டோங்கின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சாவ்சௌவில் தேநீர் கடைக்குப் போய்க் குடிக்கும் பொருளாக இல்லை. மளிகைக் கடை, மோட்டார் சைக்கிள் பட்டறை, மருந்துக் கடை எங்கும் ஒரு சிறு தட்டும், கையளவு கெண்டியும், எலுமிச்சையளவு கோப்பைகளும் தயாராக இருக்கும். சாமான் வாங்க வந்தவர் முதலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் விலை பேசுவார். ஃபெங்ஹுவாங் மலையில் விளையும் ஊலோங் இலையைக் கெண்டி நிறையத் திணித்துக் கொதிநீர் ஊற்றி உடனே வடிப்பார்கள். பழைய முறைப்படி கோப்பைகள் மூன்றுதான். ஐந்து பேர் இருந்தாலும் மூன்றுதான். முதலில் நீங்கள் என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, குடித்த கோப்பையைக் கொதிநீரில் அலசி அடுத்த சுற்று ஊற்றுவார்கள். சீனத்தின் தேயிலைத் தொழில்நுட்பங்களையும் அவற்றோடு ஒட்டிய பழக்கவழக்கங்களையும் 2022-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டபோது இந்தச் சாவ்சௌ முறையும் அதில் இடம்பெற்றது.

கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் ஊர் இது. சயாமுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்கள் பணத்தோடு சேர்த்து அனுப்பிய கடிதங்கள் 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பர்மா, மலேயா மணியார்டரை நம்பி வாழ்ந்த தமிழ்க் கிராமங்களுக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. இரவில் இங்கே வெள்ளைக் கஞ்சியும், அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், உப்பிட்ட கடுகுக்கீரை, அவித்த மீன் என்று வரிசை வரிசையாகச் சிறு தட்டுகளும் சாப்பிடுவார்கள்.

சுவான்சௌ

ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரையில் இருக்கும் சுவான்சௌவுக்குத் தமிழர் ஒருவர் வெறும் சுற்றுலாப் பயணியாகப் போக முடியாது. அரபு வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்த இந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள், சிவனுக்குக் கோயில் கட்டினார்கள். சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281 சித்திரை மாதத்தில், செகசை கானின் உடல்நலனுக்காக இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இங்கே கிடைத்தது. அதன் கடைசியில் சீன எழுத்தும் உண்டு. குப்லாய் கான் ஆண்ட காலம் அது. எழுந்தருளுவித்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள்.

அந்தக் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊரெங்கும் சிதறின. 686-இல் நிறுவப்பட்ட கையுவான் பௌத்த மடத்தின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் இரண்டு தூண்கள் நிற்கின்றன. நரசிம்மமும் கண்ணனும் அவற்றில் இருக்கிறார்கள். பசு பால் சொரியும் லிங்கமும் யானை பூசிக்கும் லிங்கமும் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஊதுபத்தி ஏந்தி வரும் உள்ளூர்ப் பாட்டிமார் அந்தத் தூண்களைத் தாண்டி இயல்பாகப் போகிறார்கள். அவர்களுக்கு அவை தங்கள் கோயிலின் தூண்கள், அவ்வளவே. எண்ணூறு ஆண்டுகளுக்கு அருகில் ஆகியும் அவற்றை எவரும் பெயர்த்து எறியவில்லை என்பதை நன்றியோடு நினைக்காமல் இருக்க முடியாது.

பிற சமயங்களுக்கு இடம் கொடுத்த ஊர் என்பது தெருவில் நடந்தாலே தெரியும். 1009-இல் கட்டப்பட்ட சிங்ஜிங் பள்ளிவாசலின் கருங்கல் வாயிலிலிருந்து சில அடி நடந்தால் சீனத் தெய்வமான குவான் யூவுக்கான கோயிலின் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். உலக வணிகத் துறைமுகமாக இருந்ததற்காகவே 2021-இல் இந்த ஊரின் 22 இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சுவான்சௌ மக்களின் மேசை கோயிலோடு ஒட்டியது. சந்திர மாதத்தின் குறிப்பிட்ட நாட்களில் வீட்டு வாசலில் மேசை போட்டு, பழம், கோழி, மீன், அரிசிப் பண்டம் எல்லாம் தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் படைத்துவிட்டு, பிறகு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படையல் என்ற வழக்கத்தை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. காலை உணவு மியன்சியன் ஹூ: தலைமுடிபோல் மெல்லிய கோதுமை நூடுல்ஸைக் குழையவிட்டுக் கஞ்சிப் பதத்தில் எடுத்து, மேலே சிப்பி, இறைச்சி, ஈரல் என்று கேட்டதைப் போட்டுத் தருவார்கள். சிப்பியைக் கிழங்கு மாவிலும் முட்டையிலும் புரட்டித் தோசைக்கல் போன்ற இரும்புச் சட்டியில் வார்க்கும் பண்டம், சிங்கப்பூர், பினாங்கு உணவு அங்காடிகளில் தமிழர்கள் பார்த்துப் பழகியதுதான். அங்கே அதை எடுத்துச் சென்றவர்கள் இந்தக் கரையிலிருந்து போனவர்கள்.

நகரத்தின் ஓரத்தில் இருக்கும் சுன்பூ மீனவர் கிராமத்தில் சிப்பி ஓடுகளைச் சுவரில் பதித்துக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. கிராமத்துப் பெண்கள் கொண்டை போட்டு, அதைச் சுற்றிச் சரம் சரமாகப் பூ வைக்கிறார்கள். சிப்பி உடைக்க உட்காரும் மூதாட்டியின் தலையிலும் பூ உண்டு. அண்மை ஆண்டுகளில் இந்தப் பூக்கொண்டை நாடு முழுவதும் புகழ்பெற்று, பெருநகரப் பெண்கள் இங்கு வந்து கொண்டை போட்டுப் படம் எடுத்துக்கொள்வது பெரிய தொழிலாகிவிட்டது. கூட்டம் அதிகம், வாடகை உடைகள் அதிகம். ஆயினும் பூத்தொடுக்கும் வருமானம் ஊர்ப் பெண்கள் கைக்கே போவது நல்லது.

செங்டு

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் வெகுதூரம் போனால் மலைகள் சூழ்ந்த சிச்சுவான் வடிநிலம். ஈரமான காற்று, மேகம் மூடிய வானம். அதன் நடுவில் செங்டு. சீனத்தின் மற்ற பெருநகரங்கள் ஓடிக்கொண்டிருக்கையில் செங்டு உட்கார்ந்திருக்கிறது என்று சீனர்களே சொல்வார்கள். உட்காரும் இடம் தேநீர்க்கடை.

மக்கள் பூங்காவில் 1923 முதல் இருக்கும் ஹமிங் தேநீர்க்கடையில் மரநிழலில் மூங்கில் நாற்காலிகள் நிறைந்திருக்கும். தட்டு, கிண்ணம், மூடி ஆகிய மூன்றும் சேர்ந்த கோப்பையில் மல்லிகைத் தேயிலை போட்டுக் கொடுப்பார்கள். ஒருமுறை காசு கொடுத்தால் போதும், வெந்நீர் நாள் முழுவதும் வரும். சீட்டாட்டம், மாஜோங் கட்டைகள் உருளும் சத்தம், சூரியகாந்தி விதை கொறிக்கும் ஒலி, இவற்றுக்கிடையே இரும்புக் கவையைத் தட்டி ஒலியெழுப்பிக்கொண்டு காது சுத்தம் செய்கிறவர் வருவார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் காதைக் கொடுத்துவிட்டுப் பலர் தூங்கியே போகிறார்கள். சற்றுத் தள்ளி, திருமணமாகாத பிள்ளைகளின் வயது, உயரம், படிப்பு, சம்பளம் எழுதிய தாள்களைப் பெற்றோர் வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒரு தாளுக்கு முன் நின்ற இரண்டு தாய்மார் கைப்பேசியில் படங்களைக் காட்டி மணிக்கணக்கில் பேசுவதைப் பார்த்தால், மொழி தெரியாமலே பேச்சின் பொருள் விளங்கிவிடும்.

1909 வாக்கில் இந்த நகரத்தில் 516 தெருக்களும் 454 தேநீர்க்கடைகளும் இருந்தன என்று அக்காலத்துக் கணக்கு ஒன்று சொல்கிறது. வணிகப் பேரம், கதை சொல்லல், நாடகம், வேலை தேடல் எல்லாம் அவற்றில் நடந்தன. பகையாளிகள் இருவர் தத்தம் ஆட்களோடு கடையில் வந்து உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் முன்னால் வழக்கைச் சொல்லித் தீர்த்துக்கொள்வதும் உண்டு. தோற்றவர் எல்லார் தேநீருக்கும் காசு கொடுக்க வேண்டும்.

சிச்சுவான் சமையலின் பெயரே காரம் என்று ஆகிவிட்டது. ஆனால் மிளகாய் இங்கே பழைய பொருள் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியாக வந்த அந்தச் செடியைப் பற்றிய முதல் சீனக் குறிப்பு 1591-ஆம் ஆண்டினது. அதிலும் அது பார்க்க அழகான செடியாகவே குறிக்கப்படுகிறது. சமையலில் அது நிலைபெற மேலும் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பதினேழாம் நூற்றாண்டின் போர்களில் மக்களை இழந்த சிச்சுவானுக்கு ஹூனான், ஹூபே போன்ற இடங்களிலிருந்து பெருங்கூட்டமாக மக்கள் வந்து குடியேறினார்கள். அவர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் இன்றைய சமையல். மிளகாய்க்கு முன்னரே இங்கிருந்தது சிச்சுவான் மிளகு. அது காரத்தைவிட நாக்கை மரத்துப்போகச் செய்வதையே வேலையாகக் கொண்டது. மரத்த நாக்கின்மேல் மிளகாய் ஏறும்போது உண்டாகும் உணர்வு ஆந்திரக் காரத்திலும் செட்டிநாட்டுக் காரத்திலும் கிடையாது.

இந்தச் சமையலின் உயிர் பிசியன் பகுதியில் செய்யும் அவரை விழுது. பெரிய அவரைப் பருப்பையும் மிளகாயையும் உப்போடு சேர்த்து மண் தாழிகளில் போட்டு, பகலில் வெயில் படத் திறந்து கிளறி, மழை வந்தால் மூடி, ஓராண்டோ அதற்கு மேலோ புளிக்க விடுவார்கள். 1862-இல் செங்டுவின் பாலத்தருகே உணவுக்கடை நடத்திய, முகத்தில் அம்மைத் தழும்பு கொண்ட சென் வீட்டு அம்மாளின் பெயரால் வழங்கும் மாப்போ டோஃபுவுக்கு இந்த விழுதே அடிப்படை. சைவ உணவுக்காரர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். டோஃபு என்று கேட்டாலும் அதில் கொத்திய மாட்டிறைச்சி இருக்கும். மீன்மணக் கத்தரிக்காய் என்ற கறியில் மீன் இருக்காது. ஆனால் பல கடைகளில் இறைச்சித் தூள் இருக்கும். வென்ஷு மடம் போன்ற பௌத்த மடங்களின் உணவகங்களில் கவலையின்றிச் சாப்பிடலாம். அங்கே சோயாவும் காளானும் கோதுமைப் புரதமும் கொண்டு செய்யும் கறிகள், பால், தயிர், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமலே நிறைவாக இருக்கும்.

மாலையில் நகரம் ஹாட்பாட்டைச் சுற்றி உட்காரும். மாட்டுக் கொழுப்பும் மிளகாயும் கொதிக்கும் பாத்திரத்தில் பச்சை இறைச்சி, தாமரைக்கிழங்கு, காளான், கீரை என்று ஒவ்வொன்றாகத் தாங்களே போட்டு எடுத்து, பூண்டு கலந்த நல்லெண்ணெயில் தோய்த்து உண்பார்கள். பக்கத்துச் சோங்சிங்கில் ஆற்றங்கரைச் சுமைதூக்கிகளும் படகோட்டிகளும் மலிவான குடல் துண்டுகளை வேகவைத்துத் தின்றதிலிருந்து இது வளர்ந்தது. அங்குள்ள பாத்திரத்துக்குள் ஒன்பது கட்டங்கள் கொண்ட தடுப்பு இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கட்டத்தில் தங்கள் துண்டை வேகவைத்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போன நாட்களின் அடையாளம் அது. ஏழைத் தொழிலாளியின் பசி உண்டாக்கிய இந்தப் பாத்திரத்துக்கு முன் இன்று நாடு முழுவதும் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சின்லிங் மலையூடே

செங்டுவிலிருந்து சீஆன் செல்லும் அதிவேக ரயில்பாதை 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து வெளிச்சம், வெளிச்சத்திலிருந்து சுரங்கம் என்று சின்லிங் மலைத்தொடரை அது குடைந்து செல்கிறது. மலைக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. நாட்டின் பெரிய உணவுக்கோடு இதுதான்.

ரயிலில் பயணிகளைக் கவனித்தால் ஏறக்குறைய எல்லார் கையிலும் மூடியிட்ட குடுவை இருக்கும். பெட்டிதோறும் கொதிநீர்க் குழாய் உண்டு. தேயிலைக்கு, உடனடி நூடுல்ஸுக்கு, வெறுமனே குடிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுவே. 1952-இல் தொடங்கிய பொதுச் சுகாதார இயக்கம் கொதித்த நீரைப் பழக்கமாக்கியது. மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் எங்கும் அது கிடைக்கும். உடம்புக்கு முடியாதவரைப் பார்த்தால் முதலில் சொல்லும் வார்த்தை, நிறைய வெந்நீர் குடியுங்கள் என்பதே.

சீஆன்

சீஆனில் இறங்கியதும் காற்று வறண்டுவிடும். உணவின் நிறமும் மாறும். சோற்றுக் கிண்ணம் சிறுத்து, நூடுல்ஸ் கிண்ணம் தலையளவு பெரிதாகும். மாவை இழுத்து மேசையில் அடித்து இடுப்புவார் அகலத்துக்கு நீட்டிய பியாங்பியாங் நூடுல்ஸின் மேல் மிளகாய்த்தூளைக் குவித்துக் காய்ந்த எண்ணெயை ஊற்றுவார்கள். கூடவே காடியும் பச்சைப் பூண்டும்.

பட்டுப்பாதையின் கிழக்கு முனையான இந்த நகரின் முஸ்லிம் குடியிருப்பில் சீரகம், ஆட்டுக்கறி, கரிப்புகை ஆகியவற்றின் மணம். 742-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் பெரிய பள்ளிவாசல், வளைந்த ஓட்டுக் கூரையும் தோட்டமும் கொண்டு முழுக்கச் சீனக் கட்டடமாக நிற்கிறது. ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் சாப்பிட வேண்டியது யாங்ரோ பாவ்மோ. ஒரு பெரிய கிண்ணமும் கெட்டியான ரொட்டியும் முதலில் வரும். ரொட்டியைச் சாப்பிடுகிறவரே கையால் பயறளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. உள்ளூர்க்காரர்கள் பேசிக்கொண்டே அரை மணி நேரம் பிய்ப்பார்கள். பிய்த்த கிண்ணம் அடுப்பங்கரைக்குப் போய், ஆட்டுக்கறிச் சாற்றில் வெந்து, இனிப்பில் ஊறிய பூண்டோடு திரும்பி வரும். துண்டு பெரிதாக இருந்தால் சாறு உள்ளே இறங்காது. அவசரக்காரரின் கிண்ணத்தைச் சமையற்காரர் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார்.

நகரின் தெற்கே 652-இல் கட்டப்பட்ட பெரிய காட்டு வாத்துப் பகோடா, சுவான்சாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஏடுகளுக்காக எழுந்தது. காஞ்சிபுரம் வரை வந்து அந்த நகரைக் குறித்து எழுதிவைத்தவர் அவர். மாலையில் அந்தப் பகோடாவை ஒட்டிய சதுக்கத்தில் ஒலிபெருக்கியை வைத்து, நடுவயதுப் பெண்கள் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். எவரும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். பின்வரிசையில் நின்று முன்னால் இருப்பவரைப் பார்த்து ஆடக் கற்பது முறை.

பெய்ஜிங்

இந்த நடனக்காரர்கள் ஏன் இவ்வளவு பேர் என்பதற்குப் பெய்ஜிங்கில் விடை கிடைக்கும். 1420-இல் எழுந்த விண்ணகக் கோயிலின் பூங்காவில் விடிந்தால் முதியவர்கள்: தாய்ச்சி, சீட்டாட்டம், சேர்ந்திசை, காலால் இறகுப்பந்து உதைத்தல், தரையில் தண்ணீரால் பெரிய எழுத்துக்களை எழுதுதல். பல பத்தாண்டுகளாக ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 50 அல்லது 55 என்று ஓய்வு வயது இருந்தது. 2025 ஜனவரியிலிருந்துதான் அது படிப்படியாக உயர்கிறது. ஐம்பதிலேயே ஓய்வு பெற்றவர்களுக்கு உடம்பில் தெம்பு உண்டு, பிள்ளை ஒன்றே ஒன்று. ஒரு குழந்தைக் கொள்கை 2015 இறுதி வரை நீடித்ததன் விளைவு அது. காலையில் பூங்கா, மாலையில் பேரக்குழந்தையைப் பள்ளி வாசலிலிருந்து அழைத்து வருவது, பிறகு இரவுச் சமையல் என்று அவர்கள் நாள் போகிறது. நகரத்துத் தாய் தந்தையர் வேலைக்குப் போக முடிவது இவர்களால்தான்.

பழைய சந்துகளில் காலை உணவு நீளமாகப் பொரித்த யூதியாவும் சோயாப் பாலும். புளித்த பச்சைப்பயற்று நீரான தௌஜி பெய்ஜிங்காரர் மட்டுமே விரும்பிக் குடிப்பது. மற்ற ஊர்ச் சீனர்களே அதன் வாடைக்கு முகம் திருப்புகிறார்கள். விருந்தென்றால் வாத்து. பழமர விறகுத் தீயில் தொங்கவிட்டுச் சுடும் முறையை 1864-இல் தொடங்கிய சுவான்ஜூதே உணவகம் புகழாக்கியது. மேசையருகிலேயே சீவித் தரும் தோலையும் சதையையும் மெல்லிய ரொட்டியில் வைத்து, இனிப்பு விழுதும் வெங்காயத்தாளும் சேர்த்துச் சுருட்டிச் சாப்பிடுவார்கள்.

பொதுத் தட்டின் ஒழுங்குகள் முழுமையாகத் தெரிவது இத்தகைய விருந்தில். வாசலைப் பார்த்த இருக்கை முக்கிய விருந்தாளிக்கு. அவர் குச்சியை எடுக்கும்வரை மற்றவர் தொடுவதில்லை. முழு மீன் வந்தால் தலை அவர் பக்கம் திரும்பியிருக்கும். மது அருந்தும்போது இளையவர் தம் கோப்பையின் விளிம்பை மூத்தவர் கோப்பைக்குக் கீழே தாழ்த்தி இடிப்பார். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நடக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. முடிவில் காசு கொடுக்க நடக்கும் இழுபறி சண்டைபோலவே இருக்கும். கழிவறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து யாரோ ஒருவர் முன்பே கட்டியிருப்பார். அடுத்த முறை மற்றவர் முறை. உறவு இப்படிக் கடன் தீராமலே தொடரும்.

இந்த மேசையைச் சுகாதாரமாக்கும் முயற்சிக்கு நூறாண்டு வயது. பினாங்கில் பிறந்து, 1910–11-இல் மஞ்சூரியாவில் பிளேக் நோயை எதிர்த்துப் போராடிய மருத்துவர் வூ லியென்தே, சுழலும் தட்டும் பொதுக் கரண்டியும் வேண்டும் என்று வலியுறுத்தினார். இன்று பெரிய மேசைகளில் சுழல்தட்டு இல்லாமல் இல்லை. பொதுக் குச்சிகளை வற்புறுத்தும் குரல் சார்ஸ் பரவிய 2003-இலும் கோவிட் பரவிய 2020-இலும் மீண்டும் எழுந்தது. உணவகங்கள் ஏற்றுக்கொண்டன, வீடுகள் தயங்குகின்றன. சொந்தப் பேரனுக்குப் பொதுக் குச்சியால் எடுத்து வைப்பதைப் பல பாட்டிகள் அந்நியமாக உணர்கிறார்கள். விருந்தாளி வயிறு நிறைந்தும் மேசையில் மிஞ்சியிருந்தால்தான் கௌரவம் என்ற பழைய எண்ணத்துக்கு எதிராக 2021-இல் உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கேட்பதில் இப்போது எவருக்கும் கூச்சமில்லை.

பெரிய மாற்றம் வேறிடத்தில் நடக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி சீனத்தில் ஒருவர் மட்டும் வாழும் வீடுகள் 12.5 கோடிக்கு மேல். அவர்கள் கைப்பேசியில் சொல்லி வரவழைக்கும் ஒற்றைப் பொட்டலத்தோடு மஞ்சள், நீலச் சட்டைக்காரர்கள் மின் வண்டிகளில் பறக்கிறார்கள். பகலும் இரவும் ஓடும் அந்த ஓட்டுநர்களில் பலரும் கிராமத்தில் குடும்பத்தை விட்டு வந்தவர்களே. கூட்டமாக உட்கார்ந்து பழகிய நாட்டில் தனியாகச் சாப்பிடும் இளைஞரைப் பார்ப்பது சங்கடமாகத்தான் இருக்கிறது.

அவர்களும் வசந்த விழாவுக்கு ஊர் திரும்புவார்கள். விழாவையொட்டிய 40 நாள் பயணக் காலத்தில் ரயிலும் சாலையும் நிரம்பி வழியும். புத்தாண்டுக்கு முந்தைய இரவு வடக்கே குடும்பமே சேர்ந்து மாவு தேய்த்துப் பூரணம் வைத்து ஜியாவ்ஸ பிடிக்கும், தெற்கே அரிசிப் பண்டமும் முழு மீனும் மேசைக்கு வரும். விழா முடிந்து நகரத்துக்குப் புறப்படும் பிள்ளைகளின் வண்டியில் பெற்றோர் முட்டை, உலர்த்திய இறைச்சி, தோட்டத்துக் கீரை, ஊறுகாய் ஜாடி என்று மூடி சாத்த முடியாத அளவுக்குத் திணிப்பார்கள். வண்டி இல்லாதவர்களுக்குக் கூரியரில் அனுப்புவார்கள்.